பழைய பிக்கப் வாங்கப் போறீங்களா? பளபளக்கும் பெயின்ட்டை நம்பும் முன் இதையெல்லாம் பாருங்க

எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி ஹெப்பகோடி பக்கம் வந்தால், ஐ.டி. கம்பெனி கேப்களுக்குச் சமமாக பிக்கப் வண்டிகளும் ஓசூர் சாலையில் ஊர்ந்துகொண்டிருக்கும். பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கு உதிரிபாகம், ஓசூரிலிருந்து காய்கறி, பூ, வீடு மாற்றுபவர்களின் கட்டில் பீரோ என எல்லாமே இந்த வண்டிகளில்தான் நகர்கின்றன. இங்கே வேலை பார்க்கும் பல தமிழ் இளைஞர்களுக்கு ஊரிலிருந்து வரும் போன் அழைப்பும் இதைப் பற்றியதாகவே இருக்கும்: "அண்ணா, நீங்க பெங்களூர்லதானே இருக்கீங்க. அங்க ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் பிக்கப் பாருங்களேன்."

லேப்டாப் வாங்க ரிவ்யூ படிக்கத் தெரிந்த நமக்கு, சரக்கு வண்டியில் எதைப் பார்ப்பது என்று தெரிவதில்லை. விற்பவர் "இன்ஜின் சூப்பரா இருக்கு சார்" என்பார். புது பெயின்ட் மின்னும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் குறைகள் பெரும்பாலும் குறைந்த செலவில் சரியாகும். கண்ணுக்குத் தெரியாதவைதான் வாங்கிய கடனோடு இன்னொரு கடனையும் சேர்த்துவிடும்.

முதலில் எதைப் பார்க்கணும்?

எந்தப் பழைய வண்டியின் குறைகளையும் மூன்றாகப் பிரித்து எழுதிக்கோங்க. ஒன்று, உயிருக்கு ஆபத்தானவை: பிரேக், ஸ்டீயரிங், டயர், சேசிஸ். இரண்டு, பணத்தைத் தின்பவை: இன்ஜின், டர்போ, கியர்பாக்ஸ், கிளட்ச். மூன்று, கண்ணை உறுத்துபவை: கீறல், நெளிவு, மங்கிய ஹெட்லைட், கிழிந்த சீட். நாம் வண்டியைப் பார்ப்பது மூன்றாவதில் தொடங்கி. விற்பவர் செலவு செய்திருப்பதும் அதில்தான். நீங்கள் முதலாவதில் தொடங்குங்கள்.

வண்டி பார்க்கக் காலையில் போங்க. "இன்ஜினை சூடு பண்ணி வைக்காதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆறிய இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் முதல் ஒரு நிமிடம் நிறைய உண்மைகளைச் சொல்லிவிடும்.

புகையின் நிறம் என்ன சொல்கிறது?

கறுப்புப் புகை: டீசல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ் கிழிந்திருக்கலாம், இன்ஜெக்டர் கெட்டிருக்கலாம். சில நூறு ரூபாயில் முடியும் வேலையாகவும் இருக்கும், பல ஆயிரம் கேட்கும் வேலையாகவும் இருக்கும். அதனால் சோதனையை மலிவானதிலிருந்து தொடங்கணும்.

நீலப் புகை: இன்ஜின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங், வால்வு சீல் அல்லது டர்போ சீல் தேய்ந்திருக்கிறது என்று பொருள். இதற்கு மலிவான தீர்வு கிடையாது.

வெள்ளைப் புகை: குளிர்ந்த காலையில் சில நொடிகள் வந்து மறைந்தால் கவலை வேண்டாம். சூடான பிறகும் விடாமல் வந்து, லேசான இனிப்பு வாடையும் அடித்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது. ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். பச்சை டீசல் வாடை அடித்தால் இன்ஜெக்டர் அல்லது குளோ பிளக்கைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்து, இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே இடத்தில் தலைகீழாக வையுங்கள். மூடி லேசாக அதிர்ந்தால் சரி. குபுகுபுவென்று புகை தள்ளி மூடியே எகிறினால், எரிவாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. அந்த இன்ஜின் வேலைக்கு வந்துவிட்டது. ஆயில் குச்சியில் பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டர் மூடியை மட்டும் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீறிடும்.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை

சில்க் போர்டிலிருந்து சந்தாபுரா வரை நெரிசலில் ஓடும் வண்டியில் முதலில் தேய்வது கிளட்ச். சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் வைத்து, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்துக்கொண்டே கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது. அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது.

கிளம்பும்போது அடியில் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டால் புரொபெல்லர் ஷாஃப்டின் ஜாயின்ட்டைப் பாருங்கள். வேகம் கூடக்கூட ஒரே சீராக ரீங்காரம் கூடினால் வீல் பேரிங்.

டயரும் பேசும். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓட்டியிருக்கிறார்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட் கோளாறு. மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அதன் வயதைச் சொல்லும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. மேலே பட்டன் நன்றாக இருந்தாலும், பக்கவாட்டில் வெடிப்பு விட்ட பழைய டயர் பாரம் தாங்காது.

பிரேக்: தொப்பூர் இறக்கத்தை நினைச்சுப் பாருங்க

ஹெப்பகோடியிலிருந்து சேலம் பக்கம் போகும் வண்டி, அதே தேசிய நெடுஞ்சாலை 44-இல் தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாயில் இறங்கியாக வேண்டும். பிரேக் பிடிக்காமல் பாரவண்டிகள் மோதிய விபத்துகளுக்குப் பெயர்பெற்ற இடம் அது. காலி வண்டியை ஹெப்பகோடி சந்தில் ஓட்டிப் பார்த்து "பிரேக் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது போதாது.

இன்ஜினை நிறுத்திவிட்டு பிரேக் பெடலை நாலைந்து முறை மிதியுங்கள். பிறகு அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அதன் பிறகும் காலை எடுக்காமல் அழுத்தியே வைத்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கிப் போனால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் கலந்த நிலையில் அது 140 டிகிரி வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிரம்பும். அப்போது பெடல் பஞ்சு போல அமுங்கும், வண்டி நிற்காது. பிரேக் ஆயிலைப் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவது ஏன் ஆபத்து என்பதும் இதிலேயே இருக்கிறது: இன்ஜின் தாங்க வேண்டிய சுமை முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது.

இன்னொன்றையும் கவனிங்க. அதிக பாரம் ஏற்றுவதற்காகப் பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒன்றிரண்டு தகடுகளைச் சேர்த்திருப்பார்கள். சில பிக்கப்களில் பின்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்பதை வைத்துப் பின் பிரேக்கின் வலிமையைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. கூடுதல் தகடு போட்டதும் வண்டி அமுங்காது. முழு பாரம் இருந்தும் 'காலி வண்டி' என்று அந்த வால்வு நம்பிவிடும், பின் பிரேக் குறைவாகவே பிடிக்கும். விற்பவர் பெருமையாகச் சொல்லும் "எக்ஸ்ட்ரா பட்டை போட்ட வண்டி சார்", விலையைக் குறைத்துக் கேட்க வேண்டிய காரணம்.

செக் இன்ஜின் லைட் எரிந்தால்?

முதலில், சாவியை ஆன் செய்தவுடன் அந்த லைட் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம்.

ஓபிடி ஸ்கேனர் போட்டால் ஒரு கோடு வரும். உதாரணமாக பி0299 என்றால் டர்போ அழுத்தம் குறைவு. இதைப் பார்த்ததும் "டர்போ போச்சு, மாத்தணும்" என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் கோடு சொல்வது அறிகுறியை மட்டும். கிழிந்த ஹோஸ், தளர்ந்த கிளாம்ப், அடைத்த ஃபில்டர் எதுவானாலும் அதே கோடுதான் வரும். காய்ச்சல் என்று தெர்மாமீட்டர் சொன்னதும் யாரும் ஆபரேஷனுக்குப் போவதில்லையே.

2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 விதிகளுக்கு உட்பட்ட டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் பரவலாக உண்டு. அந்தக் கரி எரிய வேண்டுமானால் வண்டி கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓடணும். பொம்மசந்திராவுக்குள்ளேயே சுற்றும் வண்டிக்கு அது வாய்க்காது, ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றி எறியச் சொல்லும் யோசனையை ஏற்க வேண்டாம். புகைப் பரிசோதனையிலும் எஃப்.சி.யிலும் மாட்டுவீர்கள்.

அடியில் குனிஞ்சு பாருங்க

பிக்கப்பின் முதுகெலும்பு அதன் சேசிஸ். அதில் புதிய வெல்டிங், ஒரு பக்கம் மட்டும் புதிதாக அடித்த கறுப்பு பெயின்ட், சுருக்கம் தெரிந்தால் விபத்தில் சிக்கிய வண்டியாக இருக்கலாம். சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு 'டிங்' என்று ஒலிக்கும். துரு தின்ற இரும்பு மந்தமாகச் சத்தமிடும்.

வண்டி என்ன சரக்கு ஏற்றியது என்று கேளுங்கள். மீன் லோடு என்றால், ஐஸோடு சேர்ந்த உப்புத் தண்ணீர் வருடக்கணக்கில் சேசிஸில் சொட்டியிருக்கும். டிரேயில் விரித்திருக்கும் மேட்டைத் தூக்கிப் பார்க்காமல் வராதீங்க.

பெயின்ட்டுக்குக் கீழே என்ன இருக்கு?

மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை பாடி முழுக்க நகர்த்துங்கள். பிடிப்பு தளரும் இடத்தில் தகரத்துக்கு மேல் பட்டி தடிமனாகப் பூசப்பட்டிருக்கிறது. ஒரு சின்ன நெளிவை மறைத்த பட்டி பிரச்சனை இல்லை. கதவின் கீழ் ஓரமும் கேபினின் தரையும் முழுக்கப் பட்டியாக இருந்தால், உள்ளே தகரமே இருக்காது.

வாங்கிய பிறகு அழகுபடுத்தும் வேலையில் சிலதை நீங்களே செய்யலாம்:

கீறல்: நகத்தால் குறுக்கே வருடுங்கள். நகம் மாட்டாவிட்டால் மேல்பூச்சில் மட்டும் கீறல். ரப்பிங் காம்பவுண்டும் பாலிஷும் போதும். நகம் மாட்டினால் டச்-அப் பெயின்ட் வேண்டும்.

மேலோட்டமான துரு: உப்புத்தாளால் பளிச்சென்ற இரும்பு தெரியும் வரை தேய்த்து, ப்ரைமர் அடித்து, அதற்கு மேல் பெயின்ட். துருவின் மேலேயே பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்குள் கொப்பளிக்கும். ஓட்டை விழுந்துவிட்டால் டிங்கரிங் கடைக்குத்தான் போகணும்.

மஞ்சளான ஹெட்லைட்: ஈரமான 1000, பிறகு 2000 எண் உப்புத்தாளால் தேய்த்து பாலிஷ் போடுங்கள். மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கோட்டிங் இல்லையென்றால் மறுபடி மஞ்சளாகும்.

சேசிஸுக்குப் பழைய இன்ஜின் ஆயில் அடிப்பது நம் ஊர் வழக்கம். அது ரப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுக்கும். அண்டர்பாடி கோட்டிங் மேல்.

இசுசூ வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளை வாங்கி மாற்றங்கள் செய்ய நினைப்பவர்களுக்கு: நிறம் மாற்றினால் ஆர்.சி.யில் பதியணும். வண்டியின் அசல் வடிவமைப்பிலிருந்து விலகும் மாற்றங்கள் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முன்னால் பொருத்தும் இரும்பு கிராஷ் கார்டுகளும் 2017 டிசம்பர் முதல் மத்திய அரசின் தடையில் இருக்கின்றன.

பேப்பர் சரியா இருக்கா?

ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று நீங்களே படித்துப் பாருங்கள். பரிவாஹன் தளத்தில் எஃப்.சி., இன்ஷூரன்ஸ், கடன் விவரம், நிலுவையிலுள்ள அபராதம் எல்லாம் பார்க்கலாம். சரக்கு வண்டிக்கு 8 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்கணும். கேஏ-51 பதிவு வண்டியைத் தம்பி தமிழ்நாட்டில் ஓட்டப் போகிறார் என்றால், இங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. வாங்கி, 12 மாதத்துக்குள் அங்கே மறுபதிவு செய்யணும்.

ஓட்டுவதற்கு தனி லைசென்ஸ் வேண்டுமா? 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது.

மெக்கானிக்கிடம் எப்படிப் பேசுவது?

"டர்போவைப் பாருங்க" என்று நீங்களே நோயைச் சொல்லாதீர்கள். "மேட்டுல ஏறும்போது இழுக்க மாட்டேங்குது, கறுப்பா புகை வருது" என்று அறிகுறியைச் சொல்லுங்கள். எப்போது வருகிறது, சூடான பிறகா, பாரம் ஏற்றினாலா என்பதும் முக்கியம். எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள், கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். பழைய உதிரிபாகம் தேடி சிவாஜிநகருக்குப் போனாலும் பிரேக் பாகங்களை மட்டும் புதிதாகவே வாங்குங்கள். பில் விஷயத்தில் ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

கடைசியாக, பட்ஜெட்டை முழுக்க வண்டி விலைக்கே செலவழிக்காதீர்கள். டயர், பிரேக், எல்லா ஆயிலும் ஃபில்டரும் மாற்ற ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். முதல் லோடு ஏறும் முன் அந்த வேலைகள் முடிந்திருக்கட்டும். பெயின்ட் வேலையை, வண்டி சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு அந்தப் பணத்திலேயே பார்த்துக்கலாம்.