கரை எல்லோருக்கும், ஒழுங்கை யாருக்கு?

சித்திரை பிறந்தால் கிழக்குக் கடல் அடங்கிவிடும். அதிலிருந்து புரட்டாதி வரை நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி என்று புல்மோட்டை வீதி நெடுகக் கொழும்பு வான்களும் கண்டி பஸ்களும் வரிசையாக ஊர்கின்றன. இந்தக் கூட்டத்தில் தூண்டிலோடு வருகிறவர்களும் இப்போது கூடிவிட்டார்கள். பாரை ஏறும் ஆற்றுவாய் எது, கொடுவா எந்த நேரத்தில் இரை எடுக்கும், இறால் நல்லதா நெத்தலி நல்லதா என்று எல்லாம் விசாரித்துக்கொண்டுதான் வருகிறார்கள். இறக்கக்கண்டிப் பாலத்தடியிலோ சலப்பையாற்று வாயிலோ வந்து நின்ற பிறகுதான் கேட்காமல் விட்ட கேள்வி எழுகிறது. தண்ணீருக்கு எந்த வழியால் இறங்குவது? ஒரு பக்கம் மதில், மறுபக்கம் முள்ளுக்கம்பி, நடுவில் ‘தனியார் காணி, உட்பிரவேசிக்கத் தடை’ என்ற பலகை.

விடுமுறைக்கு வந்தவர் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார். அதே பலகையின் முன் கரைவலைக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறவருக்கு வேறு இடம் கிடையாது. கரைவலைக்கு அனுமதிப்பத்திரம் உண்டு. அது குறித்த ஒரு கரைத்துண்டுக்கு உரியது. அவருடைய பாடு அந்த மதிலுக்கு நேர் கீழேதான் இருக்கிறது. இந்தக் கட்டுரை அவருக்காக.

சட்டம் அவர் பக்கம் நிற்பதுபோலத்தான் தோன்றும். நம் நாட்டுக் காணிச் சட்டத்தின் அடியில் கிடப்பது ரோமன் டச்சுச் சட்டம். அதன் வேர் 533ஆம் ஆண்டில் யுஸ்தினியான் பேரரசர் தொகுப்பித்த சட்டநூல்வரை போகிறது. கடலும் கடற்கரையும் எல்லோருக்கும் பொது, கரைக்குப் போகும் எவரையும் மறிக்கக்கூடாது, மீனவர் அங்கே குடிசை போட்டு ஒதுங்கலாம், வலையை உலர்த்தலாம் என்பது அந்த நூலின் நிலைப்பாடு. நாங்கள் வாடி என்று சொல்வதற்கு ஏறத்தாழ 1,500 ஆண்டுச் சட்டப் பின்னணி இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையும், தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றர் வரையும் கரையோர வலயமாக்கியது. கடலோடு தொடுக்கும் ஆறுகளும் களப்புகளும் அதற்குள் வரும். அந்த வலயத்தில் கட்டடம் எழுப்பவும் மண் நிரப்பவும் அனுமதி வேண்டும். மீன்பிடிக்க அந்த அனுமதி வேண்டாம்; அபிவிருத்தி வேலை என்பதன் வரைவிலக்கணத்திலிருந்தே மீன்பிடி விலக்கப்பட்டிருக்கிறது. விடுதி கட்டுகிறவர்தான் கேட்டுக் கட்ட வேண்டியவர்.

பலகையிலுள்ள தடைக்கும் பலர் நினைக்கிற பலம் இல்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 427ஆம் பிரிவு பிறர் காணிக்குள் கால் வைப்பதையே குற்றமென்று சொல்லவில்லை. குற்றமொன்றைச் செய்யவோ, காணியில் இருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொந்தரவு செய்யவோ எண்ணி நுழைந்தால்தான் அது குற்றமுறையான அத்துமீறல். தூண்டிலோடு ஆற்றுவாய்க்கு நடக்கிறவருக்கு அப்படி ஒரு எண்ணம் இருந்ததென்று காட்டுவது லேசல்ல. அதற்காக எந்த வளவுக்குள்ளும் புகலாம் என்று எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காணிக்காரர் மறித்த பிறகும் வாக்குவாதப்பட்டு நின்றால் கதை மாறிவிடும். சிவில் வழக்கு என்ற கதவும் அவருக்குத் திறந்தே இருக்கிறது.

ஆக, கரை பொது. களப்பின் தண்ணீரும் பொது. பிரச்சினை முழுவதும் வீதிக்கும் மணலுக்கும் நடுவே கிடக்கும் துண்டு நிலத்தில் இருக்கிறது. அங்கேதான் ஒழுங்கைகள் செத்துக்கொண்டிருக்கின்றன.

குச்சவெளிப் பக்கத்து நிலம் எப்படி விழுந்து கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். பல இடங்களில் வீதிக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. நடுவில் நிலம் ஒடுங்கிய நாடாவாக ஓடுகிறது. கடற்பக்கத் துண்டு ஒரு காலத்தில் தென்னையும் பனையும் தாழையுமாக இருந்தது. உறுதி இருந்தது, வேலி இல்லை. வேலி இருந்த இடத்திலும் ஆள் போகக் கடவை விட்டிருந்தார்கள். சேர்வேயர் பிளானில் அந்தக் கடவை கோடாக விழவில்லை, ஏனென்றால் அதைக் கோடாக்க வேண்டுமென்று அப்போது எவருக்கும் தோன்றவில்லை. காணி கைமாறியது. வாங்கியவர் பிளானைப் பார்த்தார், பாதை இல்லை, மதில் கட்டினார். அவர் காகிதத்தின்படி அவர் செய்ததில் பிழை கிடையாது. ஒரு மதில் எழுந்தால் மீனவர் பக்கத்துக் காணியால் போனார்கள். அதுவும் எழுந்தபோது அதற்கடுத்ததால். இன்று சில இடங்களில் மணலுக்குப் போக அரைக் கட்டை, ஒரு கட்டை சுற்ற வேண்டியிருக்கிறது.

சுற்றிப் போனால் என்ன என்று ஊருக்கு வெளியே இருப்பவர் கேட்கலாம். கரைவலை எப்படி இழுபடுகிறது என்று ஒருமுறை நின்று பார்த்தால் அந்தக் கேள்வி வராது. தோணி ஒரு கயிற்றுத் தலைப்பைக் கரையில் விட்டுவிட்டு அரைவட்டமாக வலையை வளைத்துக்கொண்டு போய் மறு தலைப்பைத் தூரத்தில் இன்னொரு இடத்தில் கரை சேர்க்கும். இரண்டு அணி இரண்டு கயிற்றையும் பின்பக்கமாக நடந்து நடந்து இழுக்கும். இழுக்க இழுக்க இரண்டு அணியும் ஒன்றையொன்று நெருங்கி வரும். கடைசியில் மடி மணலேறும். இதற்குக் கரை நீளமும் வேண்டும், முதுகுப் பக்கம் ஆழமும் வேண்டும். உயர்நீர்க் கோட்டில் மதில் நின்றால் இழுப்பவன் எங்கே கால் பதிப்பான்? மடியில் சூடையும் கீரியும் குவிந்த பிறகு ஐஸ் லொறி கிட்ட வரவேண்டும். ஒழுங்கை இருந்தால் லொறி மணல் விளிம்புக்கே வந்துவிடும். இல்லாவிட்டால் வெயிலில் பெட்டி பெட்டியாகத் தலையில் சுமந்து வீதிக்குக் கொண்டுவர வேண்டும். சூடை வெயில் தாங்காத மீன். வீதிக்கு வந்து சேரும்போது வியாபாரி சொல்லும் விலை வேறாக இருக்கும். மதிலின் கணக்கு அந்த விலையில்தான் வந்து விழுகிறது.

வாடைக் காலம் இன்னும் மோசம். கார்த்திகையிலிருந்து கடல் மேலேறி மணலைத் தின்னும். கோடையில் அகலமாகக் கிடந்த கரை சில இடங்களில் மதிலடியோடு முடிந்துவிடும். தோணியை அப்போது எங்கே ஏற்றுவது? முன்பு தென்னைக்குக் கீழே, காணிக்குள், இழுத்துக் கவிழ்த்து வைத்தார்கள். காணிக்காரர் ஒன்றும் சொன்னதில்லை. ஒரு பட்டை மீன் அவர் வீட்டுக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். உயர்நீர்க் கோட்டுக்குக் கீழே எல்லாம் பொது என்று சொல்லும் சட்டம் கோடே மதிலுக்கு வந்துவிட்ட மாதங்களில் தோணிக்காரனுக்கு ஒரு அடி நிலமும் தருவதில்லை.

களப்புப் பக்கம் இதே கதை சத்தமில்லாமல் நடக்கிறது. அங்கே இறங்குகிறவர்களில் பலர் பெண்கள். முழங்கால் தண்ணீரில் மட்டி பொறுக்குவார்கள், இறால் தடவுவார்கள். ஆண்கள் வீச்சுவலை கொண்டு வருவார்கள். 1947ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச் சட்டம் பொது ஏரிகளையும் பொது ஓடைகளையும் அரசின் பொறுப்பில் வைக்கிறது. இருந்தாலும் களப்போரத்தில் ஒரு சுற்றுக்கம்பி எழும்பினால் மீனவர் சங்கத்துக்கும் தெரியாது, பத்திரிகைக்கும் தெரியாது. பெட்டியோடு போன பெண் திரும்பி வருவாள், மறுநாள் போகமாட்டாள்.

ஒழுங்கையை நீதிமன்றத்தில் கேட்கலாமே என்பார்கள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி பத்து வருடம் தடையில்லாமல் பாவித்த வழியை உரிமையாகக் கோரலாம். ஆனால் அப்படிக் கேட்பவர் பொதுவாகத் தன்னுடைய காணிக்கு வழி கேட்பவராக இருக்க வேண்டும். மீனவருக்குக் கரையில் காணி இல்லை. பாடு இருக்கிறது, வாடி இருக்கிறது, உறுதி இல்லை. அடுத்த முடிச்சு அந்தப் பத்து வருடம். 1985இலும் 1990இலும் இந்தப் பக்கத்துச் சனம் யுத்தத்தில் சிதறிய பிறகு எந்தப் பாதையைத் தடையில்லாமல் பாவித்தோம் என்று யார் சத்தியம் செய்வது? திரும்பி வந்தவர்களைப் பாஸும் நேரக் கட்டுப்பாடும் மறித்தன. 2004இல் சுனாமி. 2005இல் வடக்கு கிழக்கில் 200 மீற்றர், தெற்கு மேற்கில் 100 மீற்றர் என்று தடைவலயம் வந்தது, பிறகு தளர்ந்தது. அதற்குள் பல குடும்பங்கள் வீதிக்கு உட்பக்கம் போய்விட்டன. கரையோரத்தில் வீடிருந்தவரைக்கும் பாதையை யாரும் மூடவில்லை. வீடு உள்ளே போன பிறகுதான் பாதைக்குச் சாட்சியில்லாமல் போயிற்று.

2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து விலக்க இடம் தந்தது. இடம்பெயர்ந்தவரின் காணியைப் பிடித்து வைத்திருந்தவர் அதை ஆண்டு உரிமையாக்கக் கூடாது என்பதற்காக வந்த சட்டம், மிகவும் வேண்டிய சட்டம். ஆனால் அது காணியை இழந்தவரை நினைத்து எழுதப்பட்டது. பாதையை இழந்தவர் அதற்குள் இல்லை.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் இதே முடிச்சு விழுந்தது. அங்கே 1985இல் வந்த சட்டம் ஆறுகளின் உயர்நீர்க் கோடுவரை எவரும் நின்று தூண்டில் போடலாம் என்றது. ஆற்றுக்குப் போவதற்குத் தனியார் காணியைக் கடக்கும் உரிமையை மட்டும் தரவில்லை. சனம் பாலத்தடியால் இறங்கியது, காணிக்காரர்கள் பாலத்தோடு சேர்த்து வேலி கட்டினார்கள், சண்டை வளர்ந்தது. 2009இல் இன்னொரு சட்டம் வந்து, வீதிப் பாலங்களின் பக்கத்தால் ஆற்றுக்கு இறங்க வழி விடவேண்டும் என்றது. வேலி கட்டலாம், ஆனால் ஆள் போக இடம் இருக்க வேண்டும். குச்சவெளிப் பிரதேசத்தில் பாதைப் படகுகள் ஓடிய துறைகளில் இன்று பாலங்கள் நிற்கின்றன. வீதியின் ஒதுக்கு நிலம் பாலத்தின் இருபுறமும் ஏற்கெனவே பொதுவானது. தூண்டில்காரருக்குப் படிக்கட்டு ஒன்று கட்ட எவருடைய காணியும் தேவையில்லை.

இந்தியாவில் 1991 கரையோர ஒழுங்குமுறை அறிவிக்கை விடுதிகளுக்கு நேரடியாகவே எழுதியது: இரண்டு கடற்கரை விடுதிகளுக்கு நடுவே 20 மீற்றராவது பொதுமக்கள் போகும் இடைவெளி இருக்க வேண்டும். நம்முடைய கரையோர முகாமைத்துவத் திட்டங்களும் பொதுமக்கள் கரைக்குச் செல்லும் வழியைப் பற்றிப் பேசுகின்றன. குச்சவெளிக்கு வேண்டியது 20 மீற்றர்கூட அல்ல. ஐஸ் லொறி ஒன்று போகும் அகலம்.

விடுதிக்காரர்களும் காணிக்காரர்களும் களவு, குப்பை, இரவில் குடித்துவிட்டு வரும் கூட்டம், வெளிநாட்டு விருந்தினரின் தனிமை என்று காரணங்கள் சொல்கிறார்கள். அந்தக் கவலைகள் உண்மையானவை. காவலாளி வைக்கலாம், கேற் போட்டு நேரம் குறிக்கலாம். நிரந்தரமாகச் சீமெந்து பூசுவதற்கு அவை போதாது.

மதில் எழும்பிவிட்டால் போகும் வழி நீளம். பொதுப்பாதை என்று காட்ட முடிந்தால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் தடையை அகற்றும்படி நீதவானிடம் போகலாம். சமாதானக் குலைவு வருமென்ற நிலையில் பொலிஸ் முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு வழக்குப் போடும். வழியுரிமையையும் அங்கே தற்காலிகமாகத் தீர்க்கலாம். ஆனால் இரண்டிலும் நீதிமன்றம் முதலில் கேட்பது, பாதை இருந்ததற்கு என்ன காட்டுகிறீர்கள் என்பதைத்தான். அதனால் வேலை மதிலுக்கு முன்னால் நடக்க வேண்டும். எந்த ஒழுங்கை எந்த வாடிக்குப் போனது, யார் காணிக்கு நடுவால், எந்தக் கிணற்றடியில் திரும்பியது என்று சொல்லக்கூடியவர்கள் எழுபது வயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து ஒவ்வொரு பாதையையும் குறித்து, பழைய நில அளவைப் படங்களில் ஒற்றையடிப்பாதையாக விழுந்திருப்பவற்றோடு ஒப்பிட்டு, சத்தியக்கடதாசியோடு பிரதேச சபையில் கொடுக்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் கீழ் பொதுப்பாதைகள் சபையின் பொறுப்பு. பெயரும் இலக்கமும் ஏறிய பாதையை அடுத்த சேர்வேயர் தன் பிளானில் விடமுடியாது.

பெரிய கட்டுமானம் ஒன்றுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கேட்கப்பட்டால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. பத்து அறை விடுதிக்கு வழமையாக அது கேட்கப்படுவதில்லை. சந்திக் கடையில் ஒட்டிப் படிக்க ஓர் அறிவித்தலும் வராது. குச்சவெளிக் கரையில் எழுவதில் பெரும்பாலானவை பத்து அறை விடுதிகள்தான். சங்கங்கள் இந்த வாடைக் காலத்தில், தோணி கவிழ்ந்து கிடக்கும் மாதங்களில், அந்த ஒழுங்கைகளின் பட்டியலை எழுதி முடித்தால் அடுத்த சித்திரைக்கு முன் அது சபையின் மேசைக்குப் போய்விடும்.