சீட்டுக்கட்டுக்குள் ஒரு மாய விலங்கு!

(இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)



'சீட்டு' என்றதும் உங்களில் பாதிப் பேர் வார்டன் வருகிறாரா என்று திரும்பிப் பார்ப்பீர்கள். நம்ம ஊர்ப் பக்கம் சீட்டுக்கு நல்ல பெயர் கிடையாது. எங்கள் தெருவில் சீட்டில் போன வலையும் உண்டு, சீட்டில் போன வள்ளமும் உண்டு. ஆனால் நான் சொல்ல வந்த சீட்டாட்டத்தில் காசு இல்லை, பந்தயம் இல்லை, ஜெயித்தவன் தோற்றவன் என்பதும் இல்லை. இதில் சீட்டை வைத்து ஒரு கதாபாத்திரத்தை உருவாக்கி, அந்த வேடத்தை நாமே ஏற்று, கதையை நடத்திக்கொண்டு போக வேண்டும். அதிலும் மாய சக்தி உள்ள விலங்கைப் படைப்பதுதான் ருசியே! அதை எப்படிச் செய்வது என்பதே இக்கட்டுரை.

இது என்ன ஆட்டம்?

ஆங்கிலத்தில் 'ரோல் பிளேயிங் கேம்' என்பார்கள். எழுதி வைக்காத தெருக்கூத்து என்று வைத்துக்கொள்ளுங்களேன். நாலைந்து பேர் வட்டமாக உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். கூத்தில் மாதிரியே அவரை நாங்கள் 'வாத்தியார்' என்கிறோம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "புயல் வருது, என்ன செய்யப் போறே?" என்று வாத்தியார் கேட்பார். நாம் நம் பாத்திரமாகவே பதில் சொல்ல வேண்டும்.

1974-இல் அமெரிக்காவில் வெளியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தான் இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடி. அதில் முடிவைச் சொல்வது பகடை. பிறகு பகடைக்குப் பதில் சீட்டு வைத்த ஆட்டங்களும் வந்தன. அவற்றில் ஒன்று 1995-இல் ஜொனாதன் ட்வீட் என்பவர் வடிவமைத்த 'எவர்வே'. அதன் விதிகள் சுலபமானவை. அதைத்தான் நாங்கள் விடுதியில் நம்ம ஊருக்கு ஏற்ற மாதிரி ஆடுகிறோம்.

நம் நாட்டுச் சீட்டிலும் விலங்கு உண்டு!

சீட்டில் மாய விலங்கு என்றால் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்காதீர்கள். நம் நாட்டின் பழைய வட்டச் சீட்டுக்குக் 'கஞ்சீபா' என்று பெயர். துணியைப் பல அடுக்காக ஒட்டி, கையால் படம் வரைந்து செய்வார்கள். தசாவதாரக் கஞ்சீபாவில் பத்து அவதாரத்துக்குப் பத்து வகை. ஒவ்வொரு வகைக்கும் ராஜா, மந்திரி, ஒன்று முதல் பத்து வரை எண்கள் எனப் பன்னிரண்டு சீட்டு. ஆக மொத்தம் 120. முதல் நான்கு அவதாரங்கள் மீன், ஆமை, பன்றி, நரசிம்மம். பார்த்தீர்களா, எல்லாமே விலங்கு! மைசூரை ஆண்ட மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரோ 13 விதமான சீட்டாட்டங்களை வகுத்தார். அவற்றில் மிகப் பெரிய கட்டுக்கு 360 சீட்டு.

கஞ்சீபாவில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. பாதி வகைகளில் பத்துதான் பெரிய எண். மீதி வகைகளில் ஒன்று பெரியது, பத்து கடைசி! சின்னது என்று எதையும் ஒதுக்க முடியாது.

எல்லாவற்றிலும் அதிசயமானது ஒடிசா மாநிலம் பூரிப் பக்கத்துச் சீட்டில் வரும் 'நவகுஞ்சரம்'. சேவல் தலை, மயில் கழுத்து, காளைத் திமில், சிங்க இடை, பாம்பு வால். காலில் ஒன்று யானையுடையது, ஒன்று புலியுடையது, ஒன்று மானுடையது (சிலர் குதிரைக் கால் வரைவார்கள்). நான்காவது காலுக்குப் பதில் தூக்கிய மனிதக் கை! சரளா தாசர் ஒடியா மொழியில் எழுதிய மகாபாரதத்தில் இது வருகிறது. தவத்தில் இருந்த அர்ச்சுனன் முன்னால் கண்ணன் இந்த உருவில் வந்து நிற்க, அர்ச்சுனன் பயந்து வில்லை எடுக்கிறான். அப்போது அந்தக் கையையும் அதில் இருந்த தாமரையையும் பார்க்கிறான். "இது மிருகம் இல்லை" என்று புரிகிறது. வில் கீழே போகிறது. இந்தச் சீட்டுக்கட்டில் நவகுஞ்சரம் ராஜா, அர்ச்சுனன் மந்திரி.

எட்டு மிருகத்தைச் சேர்த்தது வேடிக்கை. ஆனால் ஒன்பதாவதாக வைத்த அந்தக் கைதான் கதையையே திருப்பியது. மாய விலங்கு படைப்பதன் ரகசியம் இதுதான் என்பேன். நம் ஸ்ரீவைகுண்டம் கோயில் தூணில் நிற்கும் யாளியைப் பாருங்கள். சிங்க உடம்பும் யானைத் துதிக்கையும் மிரட்டுகின்றன. அதை ஆட்டத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால் அந்த மிரட்டல் மட்டும் போதாது. அது யாருக்காக நிற்கிறது, எதற்கு அஞ்சும் என்று நாம்தான் சேர்க்க வேண்டும்.

இருபது மதிப்பெண் கணக்கு

'எவர்வே' விதிப்படி ஒரு பாத்திரத்துக்கு மொத்தம் 20 புள்ளி. அதற்குள்தான் எல்லாம். முதலில் நான்கு பூதங்களுக்குப் பங்கிட வேண்டும்.

நெருப்பு: வேகம், சண்டை, செயல்.
நிலம்: உடல் உறுதி, தாங்கும் சக்தி.
காற்று: பேச்சு, அறிவு, திட்டம்.
நீர்: உள்ளுணர்வு, பிறர் மனதை அறிதல்.

3 என்பது சாதாரண மனிதனின் அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு எண்ணுக்கும் வலு இரட்டிப்பாகும். அதாவது 6 என்றால் எட்டு மடங்கு! நான்குக்கும் 3 போட்டால் 12 புள்ளி போயிற்று. கையில் இருப்பது 8.

அடுத்து மாய சக்திகள். ஒவ்வொரு சக்திக்கும் மூன்று கேள்வி. அடிக்கடி பயன்படுமா? பெரிய விளைவு தருமா? பல விதமாகப் பயன்படுமா? ஒவ்வொரு 'ஆம்' என்பதற்கும் ஒரு புள்ளி செலவு.

கடைசியாகச் சீட்டு. 'எவர்வே' கட்டில் 36 விதிச் சீட்டுகள். ஒவ்வொன்றுக்கும் நேர்ப் பொருள் ஒன்று, தலைகீழ்ப் பொருள் ஒன்று. அதிலிருந்து பாத்திரத்துக்கு மூன்று சீட்டு: ஒன்று குணம், ஒன்று குறை, ஒன்று விதி. குறை இல்லாத பாத்திரத்துக்கு இந்த ஆட்டத்தில் அனுமதியே கிடையாது!

உதாரணம்: ஆவுளி ஆச்சி

நம் கடலிலிருந்தே ஒன்று செய்து பார்ப்போம். கடற்பசுவை நம்ம பக்கம் ஆவுளியா என்போம். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் வாழ்கிறது. மீன் மாதிரி இருந்தாலும் மீன் இல்லை, குட்டிக்குப் பால் கொடுக்கும் பிராணி.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். என் அப்பா சங்கு குளிக்கிறவர். கையெழுத்து மட்டும் போடுவார். விடுமுறையில் நான் நோட்டும் சீட்டுமாக உட்கார்ந்ததும் அம்மா, "ஏல, படிக்கப் போன புள்ள சீட்டா போடுத?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அப்பாவிடம், "ஆவுளியா எப்படிப்பா இருக்கும்?" என்று கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"அது யாரையும் கடிக்காது. தரையில இருக்க புல்லத்தான் மேயும். குட்டிய விட்டுட்டு நகராது. ஆனா என்ன... மூச்சுக்கு மேல வந்தே ஆகணும். அந்த நேரந்தான் அதுக்கு ஆபத்து."

நாலே வரி. ஒரு முழுப் பாத்திரம் அதில் இருக்கிறது! இப்போது கணக்குப் போடுவோம்.

நெருப்பு 3. சண்டைக்குப் போகாது.
நிலம் 6. பெரிய உடம்பு. எழுபது வயது வரைகூட வாழும் இனம்.
காற்று 2. அதிகம் பேசாது, மூச்சுக்கும் மேலே வந்தாக வேண்டும்.
நீர் 6. தாய் மனம்.
மொத்தம் 17. மீதி 3.

முதல் சக்தி, 'புல் பேசும்'. கடற்புல் வளர்ந்த இடத்தில் முன்பு நடந்ததை அந்தப் புல்லே ஆச்சிக்குச் சொல்லும். அடிக்கடி பயன்படும், பெரிய விளைவும் தரும். 2 புள்ளி.

இரண்டாவது சக்தி, 'மூச்சுக் கடன்'. தன் மூச்சைக் குளியாளுக்குக் கொடுத்துக் காப்பாற்றும். பெரிய விளைவுதான், ஆனால் அபூர்வம். 1 புள்ளி. கொடுத்த மறுகணம் ஆச்சி மேலே போயாக வேண்டும், அதாவது ஆபத்துக்குள் போக வேண்டும். இருபதும் தீர்ந்தது!

விதிச் சீட்டுகளை நாங்களே செய்தோம். 'வலம்புரி': நேராக வந்தால் எதிர்பாராத பேறு, தலைகீழானால் பேராசை. 'நங்கூரம்': உறுதி, தலைகீழானால் பிடிவாதம். 'தாய்': காவல், தலைகீழானால் கவலை. 'வலை': கூட்டு உழைப்பு, தலைகீழானால் சிக்கல். ஆச்சிக்குக் குணம் தாய், குறை தலைகீழ் நங்கூரம், விதி வலை.

விதி ஏன் வலை? நிஜ ஆவுளியாவின் கதையே அதுதானே! வலையில் மாட்டி மூச்சடைத்துச் சாவதும் உண்டு. மாட்டியதை மீனவர்களே அவிழ்த்து உயிரோடு கடலில் விட்ட சம்பவங்களும் உண்டு. 2022-இல் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே அதுதான் முதல்.

ஆடும்போது என்ன நடக்கிறது?

ஒரு முடிவு எடுக்க வாத்தியாருக்கு மூன்று வழி. எண்களை ஒப்பிட்டுச் சொல்லலாம். கதைக்கு எது நல்லதோ அதைச் சொல்லலாம். அல்லது சீட்டு எடுத்து, வந்த பொருளை விளக்கலாம்.

எங்கள் ஆட்டத்தில் ஆச்சி வேடம் என் அறைத்தோழனுக்கு. செமினாரில் எழுந்து நின்றால் வார்த்தை வராது அவனுக்கு. கதையில் ஒரு குளியாள் அடியில் மாட்டிக்கொண்டான். மூச்சுக் கடன் கொடுத்தால் மேலே வலை காத்திருக்கிறது. வாத்தியார் சீட்டு எடுத்தார். தலைகீழ் வலை! எல்லோரும் அவனைப் பார்த்தோம். நிதானமாகச் சொன்னான்: "மூச்ச எடுத்துக்க மக்கா. நீ மேல போயி கயித்த அறு. நான் ஒன்ன நம்புதேன்."

அறையில் சத்தமே இல்லை. முத்துக்குளித்த காலத்தில் மேலே கயிறு பிடிக்க மச்சானைத்தான் நம்புவார்கள் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். 1961-உடன் இங்கே முத்துக்குளிப்பு நின்றுபோனது. அந்த நம்பிக்கை ஒரு அட்டைச் சீட்டில் திரும்பி வந்த மாதிரி இருந்தது எனக்கு.

நமக்கு இதில் என்ன?

மெஷின் டிசைனில் நாம் படிப்பதும் இதைத்தானே? பொருளும் செலவும் ஓர் அளவுக்குள் இருக்க வேண்டும், எங்கே உடையும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். எல்லா சக்தியும் கொண்ட விலங்கைப் படைத்தால் கதை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். எங்கே அதற்கு மூச்சு முட்டும் என்று தெரிந்தால்தான் பக்கத்தில் இருப்பவனுக்கு வேலை வரும், கதையும் வளரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மில் பலர் வீட்டில் முதல் பட்டயதாரிகள். அப்பா அம்மாவுக்குத் தெரிந்த உப்பளமும் கடலும் காற்றும் நம் தேர்வில் ஒரு மார்க்குக்கும் வராது. இந்த ஆட்டத்தில் அதுதான் முதல் பாடநூல். புத்தகத்தில் படித்த டிராகனைவிட, அப்பா தொட்டுப் பார்த்த பிராணி உறுதியாக நிற்கும்.

செலவு ஒன்றும் இல்லை நண்பர்களே! பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 36 துண்டு, ஒரு ஸ்கெட்ச் பேனா, நாலு நண்பர்கள் போதும். சங்கோ, கடல் குதிரையோ, ஆமையோ, உங்கள் ஊர்க் கண்மாய்க் கொக்கோ, ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்துப் பழகியவரிடம் போய் முதலில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: "இது எதுக்குப் பயப்படும்?"

பதில் வந்ததும் பேனாவை எடுக்கலாம்.