நாணயச்சாலைப் பிழையா, பிற்காலச் சேதமா?

காசில் தெரியும் கோணல்கள் எல்லாம் நாணயச்சாலையில் நேர்ந்தவை அல்ல. இயந்திரக் காசு மூன்று கட்டங்களைக் கடந்து வருகிறது. உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லையை வெட்டுகிறார்கள்; அதை உருட்டி ஓரத்தில் விளிம்பு எழுப்புகிறார்கள்; பிறகு ஒரு வளையத்துக்குள் வைத்து, மேலும் கீழும் இரண்டு அச்சுகளால் அழுத்துகிறார்கள். இந்தக் கட்டங்களில் நேர்ந்தால் பிழை. அதன் பிறகு சுத்தியலும் அரமும் அமிலமும் செய்தவை சேதம். நல்ல பிழைக்காசுக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருவார்கள். சேதமோ இருந்த மதிப்பையும் குறைத்துவிடும். ஆகவே எந்தக் கட்டத்தில் இப்படி ஆகியிருக்க முடியும் என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை கிடைக்காத காசைச் சேதமானது என்று கொள்வதே நல்லது.

அடுத்துப் பார்க்க வேண்டியது மேடா, பள்ளமா என்பது. அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாக விழும். அச்சு விரிசல் விட்டால் அந்த இடுக்கிலும் உலோகம் புகுந்து, காசில் மெல்லிய மேட்டுக்கோடாக நிற்கும். விக்டோரியா அரசியின் கன்னத்தில் ஓடும் கோடு அப்படிப் புடைத்திருந்தால், குறை அச்சில் இருந்தது. குழிந்திருந்தால் பெரும்பாலும் கீறல்தான். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்துப் பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் பார்த்தால், உழவுசாலின் இரு கரையிலும் மண் ஒதுங்கியிருப்பது போல, கீறலின் இரு ஓரத்திலும் உலோகம் ஒதுங்கியிருப்பது தெரியும்.

பிஸ்கட்டைக் கடித்தது போல ஓரம் குறைந்த காலணா இன்னொரு வகை. ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மீது அடுத்த வெட்டும் விழுந்தால் பிறை வடிவில் ஒரு துண்டு குறையும். விளிம்பு எழுப்பும்போது வில்லை இரு பக்கமும் நெருக்கப்பட்டு உருள்கிறது. ஒரு பக்கம் குறைந்திருந்தால், அதற்கு நேர் எதிர்ப் பக்கத்துக்கு அழுத்தம் கிடைக்காது. அங்கே விளிம்பு மங்கிப்போகும். குறையை ஒட்டிய எழுத்துகளும் அந்தப் பக்கமாக இழுபட்டிருக்கும். கத்தரித்த காசில் எதிர்விளிம்பு முழுசாக இருக்கும், எழுத்துகள் பாதியில் அறுபட்டு நிற்கும். எதிர்விளிம்பு மங்குவது எல்லாப் பிழைக்காசிலும் இராது; இருந்தால் அது வலுவான சான்று.

அதிகம் ஏமாற்றுவது தலைகீழ்ப் பிம்பம். அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையை அந்தக் காசே அச்சாக நின்று அழுத்தும். அப்போது ஒரு பக்கம் சரியான உருவமும், மறுபக்கம் அதே உருவம் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறிக் குழிவாகவும் விழும். இது அருமையான பிழை. இதைப் போலச் செய்ய, இரண்டு காசுகளைப் பட்டறை இடுக்கியில் வைத்து இறுக்குவார்கள். அதிலும் எழுத்துகள் இடவலம் மாறிக் குழியும். ஆனால் அந்த முகத்தின் சொந்த உருவம் நசுங்கிய நிலையில் அடியில் தெரியும். உண்மையான பிழையில் அந்த உருவம் அங்கே விழுந்ததே இல்லை.

கண்ணுக்குத் தப்புவதைத் தராசு காட்டும். 1862 முதல் 1906 வரை வந்த செப்புக் காலணா 6.47 கிராம், வெள்ளி ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். புழக்கத்தில் தேய்ந்து சிறிது குறைவது இயல்பு. அமிலத்தில் ஊறிய காசு எடை வெகுவாகக் குறைந்து, எழுத்துகள் மெலிந்து, மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். நகையிலிருந்து கழற்றிய ரூபாயில், பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த இடம் விளிம்பில் நிறம் மாறித் தெரியும். அரைஞாணில் கோத்த காசின் துளை எழுத்தையும் உருவத்தையும் பாராமல் ஊடறுத்துப் போகும். 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணாவில் மட்டும் கணக்கு மாறுகிறது. அதற்குத் துளைதான் இயல்பு. துளை நடுவிலிருந்து விலகியிருந்தால் அது பிழை.

கையால் அடித்த பழங்காசுகளுக்கு இந்த அளவுகோல்கள் அப்படியே பொருந்தா. சோழர் காசில் உருவம் ஒரு பக்கம் ஒதுங்கியிருப்பதும் எழுத்து ஓரத்தில் விடுபடுவதும் அந்த அடிப்புமுறையின் இயல்பு. இடவலம் மாறிய குழிபிம்பம் மட்டும் அங்கேயும் பிழைதான். பழைய ரோமக் காசுகளிலேயே அப்படிப்பட்டவை கிடைத்திருக்கின்றன.