நாற்றம் எங்கிருந்து வருகிறது?

வீட்டுக் கதவைத் திறந்ததும் "குப்" என்று ஒரு நாற்றம். உடனே என்ன செய்கிறோம்? ஊதுவத்தி கொளுத்துகிறோம். சாம்பிராணி போடுகிறோம்.

அதனால் நாற்றம் போய்விடாது. நாற்றத்துக்கு வாசனைச் சட்டை போட்டுவிடுகிறோம், அவ்வளவுதான்! புகை அடங்கியதும் அது மறுபடியும் தலைகாட்டும். நாற்றம் எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை.

குழாய்க்குள் ஒரு காவல்காரன்

குளியல் அறையில் தண்ணீர் போகும் குழாய் ஓர் இடத்தில் வளைந்து இருக்கும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை நாற்றம் மேலே ஏறாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் அது வற்றிப்போய் இருக்கும். வீடே நாறும். மருந்து எதுவும் வேண்டாம். இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றினால் போதும்.

பிரிட்ஜில் வாடை அடித்தால், கெட்டுப்போன பண்டத்தை எடுத்து எறிந்துவிட்டு, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் துடைக்கலாம்.

கழிப்பறை விஷயத்தில் எச்சரிக்கை தேவை. சிலர் பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன்மேல் ஆசிட்டையும் ஊற்றுகிறார்கள். இரட்டிப்புச் சுத்தம் என்று நினைப்பு! கிளம்புவது குளோரின் என்ற விஷவாயு. 1915-ம் ஆண்டு உலகப்போரில் எதிரிகளைக் கொல்ல ஜெர்மனி ஏவியது இதே வாயுவைத்தான்.

மறைக்கக்கூடாத நாற்றம்

சமையல் கியாசுக்கு இயற்கையில் வாசனை இல்லை. வேண்டும் என்றேதான் நாற்றமருந்து சேர்க்கிறார்கள். ஏன்?

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்று ஓர் ஊர். 1937-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி, அங்குள்ள பள்ளிக்கூடத்தின் அடியில் எரிவாயு கசிந்து நிறைந்து இருந்தது. வாசனை இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. ஒரு சிறு பொறி. பள்ளிக்கூடம் வெடித்துச் சிதறியது. சுமார் 300 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் குழந்தைகள்! அதன் பிறகு, எரிவாயுவில் நாற்றம் சேர்க்கவேண்டும் என்று அந்த மாநிலத்தில் சட்டம் போட்டார்கள்.

அந்த நாற்றம் வரும்போது ஊதுவத்திக்காகத் தீக்குச்சியைக் கிழித்தால் என்ன ஆகும்? விசிறியைப் போட்டு விரட்டலாம் என்று நினைப்பதும் ஆபத்து. சுவிட்சைத் தட்டினாலும் பொறி பறக்கும். விளக்கைப் போடவும் கூடாது, எரிகிற விளக்கை அணைக்கவும் கூடாது.

சிலிண்டர் வால்வை மூடுங்கள். கதவு, ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். சிலிண்டர் கியாஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு தங்கும். ஆகவே, பாயில் தூங்கும் குழந்தையை முதலில் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். வெளியே வந்த பிறகு, 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.