வைக்கோல் போதும், குடில் கட்டுவோம்



1223-ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்னும் மலையூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்த குடிலில் சுரூபம் எதுவும் இல்லை. வைக்கோல், மாடு, கழுதை, தீப்பந்தங்களோடு வந்த ஊர்மக்கள், அவ்வளவுதான். மலையடிவாரத்து மம்சாபுரத்தில் வைக்கோலுக்கா பஞ்சம்?

இத்திருவருகைக் காலத்தில் குடும்பமாகக் கூடி உட்காருவோம். டிசம்பர் 14 வாக்கில் ஒரு தட்டில் மண் பரப்பி, ஊறவைத்த கேழ்வரகைத் தூவித் தண்ணீர் தெளித்துவந்தால், விழாவுக்குள் குடிலுக்குப் பசும்புல் தயார். கூரைக்குத் தென்னை ஓலை. விண்மீனுக்கு ஒரே நீளமான பத்து மூங்கில் சிம்புகள். ஐந்தைந்தாக இரு விண்மீன்கள் கட்டி, முனைகளைச் சேர்த்துக் கட்டுவோம். சிம்புகள் குறுக்கிடும் ஐந்து இடங்களிலும் நான்கு விரல் நீளக் குச்சியை முட்டுக்கொடுத்தால் நடுப்பகுதி உப்பி நிற்கும். மைதாப் பசையால் வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே அதிகம் சூடேறாத எல்.இ.டி. பல்பு மாட்டலாம்.

தீவனத் தொட்டியை மட்டும் காலியாக வைப்போம். பிள்ளைகள் ஒவ்வொரு நற்செயலுக்கும் ஒரு வைக்கோலை அதில் இடட்டும். 24-ஆம் தேதி இரவு பாலன் இயேசுவை அதன்மேல் கிடத்துவோம்.

இன்னொன்று. இவ்வாண்டு இறப்பு நேர்ந்த வீடுகளில் நம்மில் பலர் விண்மீன் கட்டுவதில்லை. அந்தத் துயரத்தை மதிப்போம். ஆனால் அவர்களைத் தனியே விடவேண்டாம். பிள்ளைகள் செய்த சிறு குடிலை எடுத்துச் சென்று, அவர்களோடு சற்று அமர்ந்து செபிப்போம். தங்க இடமின்றிப் பிறந்தவர் அந்த இருண்ட வாசலைத்தான் முதலில் தேடுவார். ஆமென்.