பொந்து விழுந்த மரம்

முப்பது வருடம் மில் சங்கைக் கேட்டே எழுந்து பழகியவன் நான். அதனாலோ என்னவோ, மலையிலும் எனக்கு முதலில் பிடிபட்டது ஓர் ஓசைதான். ராஜபாளையம் அய்யனார் கோயிலுக்கு அருகே, மாந்தோப்பு முடிந்து காடு தொடங்கும் இடம். தலைக்கு மேல் 'உஸ்ஸ்... உஸ்ஸ்...' என்று ஏதோ கடந்துபோனது. தோப்புக் காவலுக்கு இருந்த பெரியவர் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "இருவாச்சி தம்பி. மேல அத்தி பழுத்திருக்கும்ல."

அது சிறகின் ஓசை. இறகுகளின் அடிப்பகுதியில் இடைவெளி இருப்பதால், காற்று அதன் வழியே சீறுகிறது. குரல் வேறு: 'கொக்... கொக்...' என்று ஆண் தொடங்க, பெண் சேர்ந்துகொள்ள, உறுமலாக ஏறும். மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் இதன் பெயரே 'மலமுழக்கி'. சிறிய சாம்பல் இருவாச்சியோ, யாரோ கெக்கலித்துச் சிரிப்பதுபோல் கத்தும்.

தையில் தொடங்கி இந்த முழக்கம் அடங்கிவிடும். பெண் பறவை பெருமரத்துப் பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தைக் குழைத்து வாசலைப் பூசிவிடும். அலகு நுழைய ஒரு கீற்றுதான் மிச்சம். ஒன்றிரண்டு முட்டை, நாற்பது நாள் அடை. பறக்கும் இறகுகளையும் உள்ளேயே உதிர்த்துவிடுவதால், ஆண் பறவை கொண்டுவரும் பழமே உயிர். தொண்டையில் அடக்கிவந்த அத்திப்பழங்களை ஒவ்வொன்றாகக் கக்கிக் கீற்றில் நீட்டும். ஆப்பிரிக்கக் காட்டு இருவாச்சிகளுக்கும் இதே வழக்கம். அங்குள்ள தரை இருவாச்சிகள் மட்டும் வாசலை அடைப்பதில்லை.

கூட்டைத் தேட அண்ணாந்து பார்க்க வேண்டாம். மரத்தடியைப் பார்த்தால் போதும். உள்ளிருந்து விழுந்த கொட்டைகள் நாற்றங்கால்போல் முளைத்து நிற்கும்.

இவ்வளவும் செய்யும் பறவைக்குப் பொந்து குடையத் தெரியாது. கிளை முறிந்து, உள்ளே உளுத்து, தானாகப் பொந்து விழுந்த கிழட்டு மரம் வேண்டும். 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயம் வந்தது. 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. அந்தக் கிழட்டு மரங்கள் தப்பி நிற்பது அங்கேதான். ஊருக்குள் நாம் முதலில் கோடரி வைப்பது பொந்து விழுந்த மரத்தில்.

பெரியவரின் தோப்பிலும் அப்படியொரு மாமரம் நின்றது. காய்ப்பும் இல்லை. "வெட்டலையா?" என்றேன்.

"கிளி குஞ்சு பொரிச்சிருக்கு. மாம்பழத்தைக் கொத்துற கழுதைதான். இருந்துட்டுப் போகட்டும்."