புல்லியைக் கழற்றி எறியாதீர்கள்

கோவை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "வீட்டுப் பட்டறையில் பெல்ட் மாற்றி ஓட்டும் பழைய மில்லிங் மெஷின் இருக்கிறது. வி.எஃப்.டி. போட்டால் திருகைத் திருப்பி எந்த வேகமும் வைக்கலாம், கரண்டும் பாதி மிச்சம் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?"

வேகத்தைப் பெரும்பாலும் நம்பலாம். மிச்சத்தைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள். அது பம்பு, ஃபேன் கணக்கு. அங்கே வேகம் பாதியானால் தேவைப்படும் சக்தி எட்டில் ஒரு பங்காகக் குறையும். இரும்பைச் சீவும் வேலைக்கு அந்தச் சலுகை கிடையாது.

நான்கு துருவ இண்டக்‌ஷன் மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 1,440 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடும். வேகத்தை மாற்ற வேண்டுமானால் ஹெர்ட்ஸை மாற்ற வேண்டும். அதைச் செய்யும் பெட்டிதான் வி.எஃப்.டி. (வேரியபிள் ஃப்ரீக்வென்சி டிரைவ்). அது 230 வோல்ட் ஏ.சி.யை வாங்கி, சுமார் 325 வோல்ட் டி.சி.யாக்கி, அதிலிருந்து நாம் கேட்கும் ஹெர்ட்ஸில் மூன்று ஃபேஸ் அலைகளைத் தருகிறது.

தருகிறது என்பதுகூடச் சரியில்லை. பெட்டிக்குள் அலையே கிடையாது! இருப்பவை ஆறு மின்னணு சுவிட்சுகள். முழுக்கத் திறப்பு, முழுக்க மூடல், இரண்டே நிலை. பாதி திறந்தால் மீதி சக்தி சூடாகி சுவிட்சே வெந்துபோகும். பிறகு அலை எங்கிருந்து வருகிறது?

தணலைக் கூட்டிக் குறைக்க முடியாத அடுப்பு ஒன்றில் கனமான இரும்புத் தோசைக்கல் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எரியும், அல்லது அணையும், அவ்வளவுதான். பாட்டி அடுப்பை நொடிக்கொரு தரம் ஏற்றி அணைத்தாலும் கல் துள்ளாது. சராசரிச் சூட்டில் நிற்கும். எரியும் நேரத்தைக் கொஞ்சங்கொஞ்சமாக நீட்டிப் பிறகு குறைத்தால் கல்லின் சூடு அலைபோல ஏறி இறங்கும். இப்போது மூன்று அடுப்பு, மூன்று கல், மூன்று பாட்டிகள். ஒருவருக்குப் பின் ஒருவர் மூன்றில் ஒரு பங்கு அலை தாமதம். அலையின் எதிர்ப்பாதிக்குக் கல்லில் ஐஸ் வைக்க வேண்டும் என்பதால் பாட்டிகளை இங்கேயே அனுப்பிவிடுவோம். மோட்டாரின் செப்புச் சுருள்தான் அந்தக் கனமான கல். நொடிக்குச் சில ஆயிரம் முறை வோல்டேஜ் வெட்டுப்பட்டாலும், சுருளில் ஓடும் கரண்ட் வழவழப்பான அலையாகவே போகிறது. மோட்டாரிலிருந்து வரும் மெல்லிய கீச்சொலி அந்த வெட்டுகளின் சத்தம்.

வரலாறு இரண்டே வரி. இண்டக்‌ஷன் மோட்டாருக்கு டெஸ்லா காப்புரிமை பெற்றது 1888-இல். பெட்டிக்குள் இருக்கும் ஐ.ஜி.பி.டி. என்ற சுவிட்சை 1980களின் தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் உருவாக்கியவர் சென்னையில் பிறந்து ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த ஜெயந்த் பாலிகா. போதும்.

கடைக்காரர் சொல்லாதது இது. ஹெர்ட்ஸைக் குறைக்கும்போது வோல்டேஜையும் கூடவே குறைத்தாக வேண்டும். இல்லையென்றால் மோட்டாரின் இரும்பு காந்தத்தால் நிறைந்து கரண்ட் எகிறும். இரண்டும் சேர்ந்து குறைவதால் முறுக்கு விசை ஏறக்குறைய அப்படியே இருக்கும், சக்தி இறங்கிவிடும். 10 ஹெர்ட்ஸில் ஒரு குதிரைத்திறன் மோட்டார் தருவது அதில் ஐந்தில் ஒரு பங்குதான். தண்டோடு சுற்றும் விசிறியும் மந்தமாகி, மோட்டார் சூடாகும். கட்டர் சுற்றும் தண்டின் பக்கம் பெல்ட்டைச் சின்னப் புல்லியிலிருந்து பெரியதற்கு மாற்றினாலோ, வேகம் குறையும் அளவுக்கு முறுக்கு கூடும். மென் எஃகில் 10 மி.மீ. எண்ட் மில்லுக்கு 950 சுற்று என்றால் 50 மி.மீ. கட்டருக்கு 190 போதும். அங்கே தேவை முறுக்கு. பெல்ட்டில் தோராயமாக வைத்துக்கொண்டு, வி.எஃப்.டி.யில் நுணுக்கமாகத் திருத்துங்கள்.

உங்களுடையது கெப்பாசிட்டர் வைத்த சிங்கிள் ஃபேஸ் மோட்டாரா? அப்படியானால், வி.எஃப்.டி. தரும் மூன்று ஃபேஸில் ஓடும் மோட்டாருக்கும் பணம் ஒதுக்குங்கள். அதன் தகட்டில் டெல்டாவுக்கு 230 வோல்ட் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஸ்டாரில் 415 மட்டும் போட்டிருந்தால் வீட்டு மின்சாரத்தில் அது முக்கி முனகும்.